பாம்புக்காக ஒரு ஜெபக் குறிப்பு

எல்லார் வீட்டிலும் எலிக்குப் பொறி வைப்பார்கள். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டில் எலிக்குப் பிரசவம் பார்த்தோம். குட்டி போட்ட எலி பயப்படாமல் இருக்க டப்பின் மேல் துணி போட்டு மூடுவோம். அவித்த முட்டையில் கொஞ்சம் கிள்ளி வைப்போம். இத்தனை உபசாரமும் நடந்த அதே மொட்டை மாடி அறையில், அந்த எலிகளைச் சாப்பிடுவதற்கென்றே ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு படுத்திருந்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. இந்த ஏற்பாட்டில் ஏதோ அநியாயம் இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தோன்றியது.

பாம்பு சித்தப்பாவுடையது. அப்பாவின் தம்பி அவர். கல்யாணம் ஆகவில்லை; ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டு எங்கள் மாடி அறையில் இருந்தார். அந்த வருஷம்தான் பாம்பை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மலைப்பாம்பில் சின்ன ஜாதி, ஆப்பிரிக்க வம்சம். நம் ஊர்ப் பாம்பைத்தான் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, இதை வைத்துக்கொள்ளலாம் என்று சித்தப்பா சட்டம் பேசுவார். "நம்ம குடும்பத்துல ஃபாரின் வம்சம் அது ஒண்ணுதான்" என்பார் அப்பா. சித்தப்பா அதற்கு ராஜா என்று பெயர் வைத்திருந்தார். பள்ளிக்கூட டீச்சரான என் அம்மா எல்லாவற்றுக்கும் சரியான பெயர் சொல்பவள். ஆனால் ராஜாவை மட்டும் கடைசிவரை 'அது' என்றுதான் சொன்னாள்.

ராஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வெள்ளை எலி. முதலில் கடையில் வாங்கினார். மழைக்காலத்தில் வாராவாரம் அலைய முடியாது என்று, கம்பி வலை மூடி போட்ட மூன்று பிளாஸ்டிக் டப்களில் அவரே வளர்க்க ஆரம்பித்தார். தண்ணீர் பாட்டிலை நிரப்புவதும், கம்பும் காய்ந்த ரொட்டியும் போடுவதும், அடியில் பரப்பிய மரச்சீவலை மாற்றுவதும் எனக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவான வேலை. சீவல் வாங்கக் கோவிலம்பாக்கத்தில் ஒரு தச்சுப் பட்டறைக்குப் போவோம்.

"இன்னா பாப்பா, வூட்ல கோழி வளக்கறீங்களா?" என்று பட்டறைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"இல்லண்ணா, எலி."

"எலியா! எங்க வூட்ல எலித் தொல்ல தாங்காம ஒரே பேஜாரா கீது. நீங்க வளத்துகினு கீறீங்களா?" என்று மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். வீடு திரும்பும் வழி முழுக்க சித்தப்பா வண்டியில் சிரித்துக்கொண்டே வந்தார். அப்போதெல்லாம் அவர் அப்படித்தான் சிரிப்பார்.

முதல் டப்பில் ஒரு பெண் எலிக்கு வலது காதில் ஒரு துண்டு இருக்காது. கையை நீட்டினால் மற்ற எலிகள் ஓடும். அது உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து நிதானமாக முகம் கழுவிக்கொள்ளும். பஞ்சு என்று பெயர் வைத்தேன். எலிக்குப் பெயர் வைக்காதே என்று சித்தப்பா முதல் நாளே எச்சரித்திருந்தார். ஏன் எச்சரித்தார் என்பது பெயர் வைத்த பிறகுதான் புரிந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, சித்தப்பா மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்த நேரத்தில் எனக்கு அனுமதி கிடையாது. பத்து நிமிஷத்தில் வெளியே வந்து கை கழுவுவார். நான் உள்ளே பாய்ந்து முதல் டப்பில் அந்த அறுந்த காதைத் தேடுவேன். காது கண்ணில் பட்ட பிறகுதான் தின்ற பிரியாணி எனக்கு ஜீரணமாகும்.

வாராவாரம் இப்படி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? விசுவாசத்தோடு கேட்டால் எதுவும் கிடைக்கும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டேன். "இயேசப்பா, அந்தப் பாம்பு எலியே சாப்பிடக் கூடாது. ஆமென்." பஞ்சுவை மட்டும் சாப்பிடக் கூடாது என்று கேட்டிருக்கலாம். அவசரத்தில் மொத்தமாகக் கேட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா வெளியே வந்தபோது எலி அவர் கையில் உயிரோடு இருந்தது. "சாருக்கு இன்னிக்குப் பசி இல்லையாம்" என்றார். கணக்குப் பரீட்சை உட்பட அதுவரை நான் கேட்ட எந்த ஜெபமும் இவ்வளவு சுருக்காகப் பலித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த வாரமும் அது சாப்பிடவில்லை, அதற்கடுத்த வாரமும் சாப்பிடவில்லை. ஆனால் எலிகள் யாரும் சொல்லாமலே தங்கள் கடமையைச் செய்துகொண்டிருந்தன. மூன்று வாரத்துக்கு ஒரு பிரசவம், ஒரு பிரசவத்துக்கு எட்டு, பத்து. அம்மா துணி ஊறவைக்கும் டப் மாடிக்குப் போனது. பிறகு என் பழைய பொம்மைப் பெட்டி. மாடிப்படி முழுக்க எலி மூத்திர வாடை. அம்மா பினாயில் பாட்டிலும் கையுமாகவே அலைந்தாள்.

இதற்கிடையில் சித்தப்பாவுக்கு லீவு விட்டிருந்தார்கள். அப்படித்தான் என்னிடம் சொன்னார்கள். எங்களுக்குக் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள். அவருக்கு நவம்பரிலேயே ஆரம்பித்து முடிவே இல்லாத லீவு. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் லீவு விட்ட ஆள் மாதிரி அவர் இல்லை. தாடி வளர்ந்தது. அம்மா சாப்பாட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைப்பாள். தட்டு அப்படியே கீழே வரும். "தம்பி, ரெண்டு வாயாவது சாப்பிடுங்க" என்று கதவுக்கு வெளியே நின்று சொல்வாள். கதவுக்கு உள்ளே ராஜாவும் சாப்பிடாமல் கிடந்தது. எனக்குக் கூட்டிக் கழித்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. பாம்பு சாப்பிடாத கவலையில் சித்தப்பா சாப்பிடவில்லை. பாம்பு சாப்பிடாததற்குக் காரணம் நான்.

அப்பா ஒருநாள் பொறுமை இழந்து, எலிகளையெல்லாம் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றார். கரப்பான் பூச்சியைப் பார்த்தாலே தெருமுனை வரை கேட்கக் கத்தும் அம்மா அவரைத் தடுத்தாள். "இருக்கட்டும். எலிக்குத் தண்ணி வைக்கவாவது தம்பி காலைல எழுந்திருக்கறாங்க." அம்மா எலிகளின் கட்சியில் சேர்ந்ததை நான் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டதைத் திருப்பி வாங்கிக்கொள்ள முயன்றேன். "பாம்பு சாப்பிடட்டும்" என்று ஒருவாரம் முட்டி போட்டேன். பலிக்கவில்லை. எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் நடக்கும் என்று தோன்றியது. விட்டுக்கொடுக்க என்னிடம் இருந்தது ஒன்றுதான். பஞ்சுவை எடுத்துக்கொண்டு போய்ச் சித்தப்பா முன்னால் நீட்டினேன்.

"இத ராஜாவுக்குக் குடுங்க" என்றேன் அழுதுகொண்டே.

சித்தப்பா படுத்தபடியே பார்த்தார். "லூசு. இது அம்மா எலிடா. முதல் டப்புல இருக்கறத யாராவது போடுவாங்களா? அப்புறம் குட்டிக்கு எங்க போறது? மூணாவது டப்புல வளந்து நிக்குற குட்டியத்தான் போடுவேன்." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஞ்சுவுக்கு ஒரு நாளும் ஆபத்து இருந்ததில்லை. அதைக் கேட்டு மனம் குளிர்ந்திருக்க வேண்டும், எனக்குப் பகீரென்றது. ஒன்றுமில்லாத விஷயத்துக்காக ஒரு பாம்பையும் ஒரு சித்தப்பாவையும் பட்டினி போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி முதல் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். மாதம் ஒரு வீடு என்று முறை வரும். பாம்பு பற்றியோ எலி பற்றியோ ஒரு வார்த்தை வெளியே வரக் கூடாது என்று அம்மா என்னை நிற்க வைத்துச் சொல்லியிருந்தாள். சித்தப்பாவைப் பற்றி யாராவது கேட்டால் 'வேலையாக இருக்கிறார்' என்று சொல்ல வேண்டும். மாடிப்படி பினாயிலில் குளித்திருந்தது. பாட்டு முடிந்ததும் போதகரம்மா நோட்டை விரித்து, ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு கேட்டு எழுதினார். ஒருவருக்கு முட்டிவலி, ஒருவர் மகனுக்கு விசா. அம்மாவின் முறை வந்தது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, "பொதுவா குடும்ப சமாதானத்துக்கு" என்று முடித்துக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு என்ன? பரீட்சையா?" என்றார் போதகரம்மா.

நான் எழுந்தேன். வாய்க்கு வந்தது நிற்கவில்லை. "எங்க சித்தப்பா வளக்குற பாம்பு மூணு மாசமா எலியே சாப்பிடல ஆன்ட்டி. நான்தான் சாப்பிடக் கூடாதுன்னு ஜெபம் பண்ணேன். அதனால சித்தப்பாவும் சாப்பிட மாட்டேங்கறாங்க, ரூமை விட்டு வர மாட்டேங்கறாங்க. ரெண்டு பேரும் சாப்பிடணும்னு ஜெபம் பண்ணுங்க."

பாயில் உட்கார்ந்திருந்த ஒரு ஆன்ட்டி சத்தமில்லாமல் சோபாவுக்கு மாறினார். அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போதகரம்மா பேனாவை மூடவில்லை. "எங்க இருக்கு?" என்றார். "மாடில" என்றேன். அதையும் எழுதிக்கொண்டு, "சரி, கண்ண மூடுங்க" என்றார்.

மாடியில் இருக்கும் தம்பிக்காகவும், அந்தத் தம்பி வளர்க்கும் ஜீவனுக்காகவும் அவர் வேண்டிக்கொண்டார். கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணை மூடவில்லை, மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் போதகரம்மா ஒரு தட்டில் நாலு போண்டா எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் மாடி ஏறினார். அரைமணி நேரம் கழித்து இறங்கியபோது தட்டு காலி. பின்னாலேயே தாடியும் கலைந்த தலையுமாகச் சித்தப்பா வந்து, "அண்ணி, இன்னும் போண்டா இருக்கா?" என்றார். நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கி ஓடியே போய்விட்டது. நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ராஜாவும் ஒரு எலியைச் சாப்பிட்டது. மூன்றாவது டப் எலிதான். பாம்பு விஷயத்தில் ஆண்டவர் கொஞ்சம் நிதானமாகத்தான் வேலை செய்வார் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது சித்தப்பா மேடவாக்கத்தில் சித்தியோடும் பிள்ளைகளோடும் இருக்கிறார். வேலைக்குப் போகிறார், சிரிக்கிறார். ராஜாவும் கூடவே இருக்கிறது. போன டிசம்பரில் போயிருந்தபோது, அது சாப்பிடுகிறதா என்று கேட்டேன்.

"நவம்பர்லேர்ந்து அவன் எங்க சாப்பிட்டான்? குளிர் வந்தா அந்த ஜாதியே மூணு மாசம் சாப்பிடாது. வாங்கும்போதே கடைக்காரர் சொன்னாரே" என்றார்.

அப்படியானால் அந்த வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது; அவர் சாப்பிடாமல் கிடந்தது பாம்புக்காக இல்லை. கம்பெனி கொடுத்த அந்த லீவுக்கு என்ன பெயர் என்பது எனக்கு இப்போது தெரியும். அது முடியாமல் நீண்டபோது தினமும் மாடிக்கதவின் முன்னால் தட்டோடு நின்றவள் எதற்குப் பயந்தாள் என்பதும் தெரியும். அன்றைக்குத் தெரியாது. அன்று போதகரம்மா ஜெபத்தை முடித்ததும் எல்லாரும் மெதுவாக ஆமென் சொன்னார்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு அம்மா மட்டும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். 'அது, அது' என்றே சொல்லிக்கொண்டிருந்தாலும், அம்மாவுக்கு அந்தப் பாம்பின் மேல் இவ்வளவு பிரியம் இருந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.