ஒன்றேகால் ஆள்

லவோன் குசேராவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான். தலைநகரத்திலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு ஆள் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது என்று அவளுக்குச் சொன்ன நாள் அது.

நான் ஆர்லிஸ் வோக்ட். நெப்ராஸ்காவில் கெட்டில் ரிட்ஜ் பள்ளிக்கூடத்தில் சமையல். சமையல் மட்டும் என்று சொன்னால் பொய். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் பாலர் வகுப்புக் குழந்தைகளைத் தூங்க வைப்பதும் நான்தான். எங்கள் ஊரில் யாருக்கும் ஒரே ஒரு வேலை என்பது கிடையாது. தலைமையாசிரியர் டுவெய்ன்தான் பள்ளி மாவட்ட நிர்வாகி, அவரேதான் சரித்திர வாத்தியார், அவரேதான் கூடைப்பந்துப் பயிற்சியாளர். கேரி தரை துடைப்பான், கொதிகலனைப் பார்த்துக்கொள்வான், தெற்குப் பேருந்தை ஓட்டுவான். ஊழியர் பதினாறு பேர், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், பாலர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாவது வரை. அடுத்த பள்ளிக்கூடம் டன்மோரில், நாற்பத்தோரு மைல் தள்ளி.

இதில் லவோன் என்னவாக இருந்தாள் என்று கேட்டால் எங்கே ஆரம்பிப்பது? காலையில் வடக்குப் பேருந்தை ஓட்டி வருவாள். வந்ததும் அலுவலகம். வருகைப் பதிவு, கடிதம், தொலைபேசி, மூக்கில் ரத்தம் வந்த பிள்ளை, எல்லாம் அங்கே. மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் கண்காணிப்பு. பிறகு நூலகம். பாடப்புத்தக அறையின் சாவியும் அவளிடம். சாயங்காலம் மறுபடி பேருந்து. இதே பள்ளிக்கூடத்தில், ஏழு பேர் இருந்த வகுப்பில் படித்து முடித்தவள். காற்றாலைத் தண்ணீர் இறைப்பான் பழுது பார்க்கும் ஸ்டானைக் கட்டிக்கொண்டு வடக்கே ஒன்பது மைலில் குடியிருந்தாள். சொந்தப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் பேசியதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

ஒவ்வோர் அக்டோபர் முதல் வாரமும் கணக்கெடுப்புப் படிவம் வரும். அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் பதிவில் இருக்கிறார்கள், எந்த வேலைக்கு எத்தனை ஆள் என்று நிரப்பி அனுப்ப வேண்டும். அது மாநிலத் தலைநகரம் போய், அங்கிருந்து வாஷிங்டன் போய், கடைசியில் ஐம்பது மாநிலங்களையும் வரிசையாக நிறுத்தி ஒரு பட்டியல் வரும். எங்கே எத்தனை பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு, நூறு பிள்ளைக்கு எத்தனை ஊழியர் என்று. லவோன் அதை அச்செடுத்து அலுவலக அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைப்பாள். மற்றவர்கள் பேஸ்பால் புள்ளிகள் படிப்பார்களே, அப்படி அவள் அதைப் படிப்பாள்.

"ஆர்லிஸ், வயோமிங்காரன் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு பண்றான் தெரியுமா? ஐடஹோக்காரன் பாவம், கையை ரொம்ப இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நடத்துறான்."

"அவங்க கதை நமக்கு எதுக்குடி? சூப்பு ஆறுது, தின்னு."

"நெப்ராஸ்கான்னு ஒரு வரி இருக்கு பாரு. அதுல என் கையெழுத்தும் இத்தனூண்டு இருக்கு."

இதுதான் அவளுக்கு இருந்த ஒரே பெருமை. அதை என்னிடம் மட்டும்தான் சொல்வாள்.

படிவத்தில் ஆளை முழுதாக எழுதக் கூடாது, பங்காக எழுத வேண்டும். அலுவலகத்தில் அரை ஆள், பேருந்தில் கால் ஆள், நூலகத்தில் கால் ஆள், சாப்பாட்டுக் கூடத்தில் காலில் பாதி, அதாவது அரைக்கால், புத்தக அறையில் அரைக்கால். கூட்டிப் பார்த்தால் லவோன் ஒன்றேகால். பல வருடம் யாரும் கவனிக்கவில்லை. கவனித்த வருடம்தான் அந்தத் தொலைபேசி வந்தது.

"ஒரு ஆள் ஒண்ணுதாங்க. அதுக்கு மேல கணக்குப் போடற இயந்திரம் ஏத்துக்காது" என்றாராம் அந்த மனிதர்.

"நான் செய்யற வேலையத்தானே எழுதினேன்?"

"எதையாவது ஒண்ணைக் குறைச்சுடுங்க."

அவள் நூலகத்தை அழித்தாள். அழித்துவிட்டுச் சமையலறைக்கு வந்து, என் மேசையிலிருந்த உருளைக்கிழங்குக் கூடையைத் தன் பக்கம் இழுத்து, இருபது கிழங்கு சீவினாள். தோலோடு பாதிக் கிழங்கும் போனது. கோபம் என்றேனே, அதுதான். மற்றவர்களுக்கு அது கோபமாகவே தெரிந்திருக்காது.

அடுத்த அக்டோபரில் படிவம் மாறி வந்தது. இப்போது இரண்டு கட்டம். ஒன்றில் இந்த வேலையில் எத்தனை பேர், இன்னொன்றில் அவர்களின் பங்கு. லவோன் முதல் கட்டத்தில் வேலைக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போனாள். செயலர் ஒன்று, நூலகர் ஒன்று, ஓட்டுநர் ஒன்று. எனக்கும் டுவெய்னுக்கும் கேரிக்கும் அப்படியே. பங்குக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். போன வருடத்துச் சூடு ஆறவில்லை. என்னைக் குறைக்கத் தெரிந்தவர்கள் அவர்களே குறைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாளாம். வெறுமையாக விட்டால் முழு ஆள் என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும் என்று அவளுக்கு எங்கே தெரியும்?

பிப்ரவரியில் செய்தித்தாளில் வந்தது. பக்கத்து மாநிலங்களோடு நெப்ராஸ்காவை ஒப்பிட்டு ஒரு முழுப் பக்கம். அதன் மூலையில் ஒரு பெட்டி, மாநிலத்திலேயே ஊழியர் மிகுதியான பள்ளி எது என்று. அடக் கடவுளே, எங்கள் பெயர்! ஐம்பத்தெட்டுப் பிள்ளைக்கு இருபத்தொன்பது ஊழியர். இரண்டு பிள்ளைக்கு ஒரு ஆள்.

மெர்ல் ஹாசே பள்ளி வாரியத்தின் தலைவர். நாலாயிரம் ஏக்கர் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர், அதற்குப் பள்ளிக்கூட வரி கட்டிக் கட்டிச் சலித்தவர். கெட்டவர் இல்லை, ஆனால் பிடித்தால் விடமாட்டார். மறுநாளே டன்மோரோடு எங்களை இணைத்துவிடத் தீர்மானம் கொண்டுவந்தார். அதைவிட மோசமானதும் சொன்னார்.

"இந்த ஊர்ல எல்லாரையும் எனக்குத் தெரியும். இருபத்தொன்பது பேர் இங்க கிடையாது. அப்ப மீதிப் பதிமூணு பேர் சம்பளத்தை யார் வாங்குறது? டுவெய்ன் பதில் சொல்லணும்."

டுவெய்ன் பாவம், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பள்ளி மூடினால் எட்டு வயதுப் பிள்ளை காலை ஐந்தரைக்குப் பேருந்தில் ஏற வேண்டும், பனியில் எண்பத்திரண்டு மைல் போய்வர வேண்டும். அதோடு ஒரு நல்ல மனிதனுக்குத் திருட்டுப் பட்டம். ஊரில் பாதிப் பேர் தலைநகரத்தைத் திட்டினார்கள், மீதிப் பேர் டுவெய்னைத் திட்டினார்கள். லவோனை யாரும் நினைக்கவே இல்லை.

அந்த வாரம் அவள் படிவத்தின் நகலோடு சமையலறைக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆர்லிஸ், இது நான் பண்ணின கூத்து."

பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. நான் நல்லவள் வேஷம் போடப் போவதில்லை, என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"வாயைத் திறக்காதே. தலைநகரத்துக்காரன் தப்புன்னு பாதி ஊர் சொல்லுது, சொல்லிட்டுப் போகட்டும். நீ ஒத்துக்கிட்டா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஓய்வூதியத்துக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குடி உனக்கு."

"டுவெய்னைத் திருடன்ங்கறாங்க."

"அவர் சமாளிச்சுக்குவார்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம். நான் சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் செய்து வைத்திருந்தேன். இந்தப் பக்கத்து மனிதர்கள் அதைத் தின்னாமல் சண்டைகூடப் போடமாட்டார்கள். நூற்று நாற்பது பேர் மடக்கு நாற்காலிகளில். மெர்ல் எழுந்து பட்டியலை விரித்தார்.

"நான் ஒவ்வொரு வேலையா வாசிக்கறேன். அந்த ஆள் எழுந்து நிக்கட்டும். இருபத்தொன்பது தலையையும் என் கண்ணால பாத்துடறேன். செயலர்."

லவோன் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள்.

"நூலகர்."

லவோன் மறுபடி எழுந்தாள்.

"வடக்குப் பேருந்து ஓட்டுநர்."

லவோன். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சாப்பாட்டுக் கூடக் கண்காணிப்பாளர்."

அவள் எழுந்தாள். "நான் நின்னுக்கிட்டே இருந்துடறேன் மெர்ல். முழங்கால் வலிக்குது."

கூடமே சிரித்தது. அப்புறம் டுவெய்ன் நாலு தடவை எழுந்தார், கேரி மூன்று தடவை, நான் இரண்டு தடவை. என் முறை வந்தபோது கேரி, "ஆர்லிஸ் எழுந்தா ரெண்டு ஆளாவே எண்ணிக்கலாம்" என்று என் உடம்பைக் கிண்டல் செய்தான், கிராதகன். இருபத்தொன்பது வரியும் முடிந்தபோது எழுந்தவர்கள் மொத்தமே பதினாறு பேர்தான். "தலைநகரத்துக்காரனுக்கு எண்ணத் தெரியல!" என்று ஒருவர் கத்தினார். கைதட்டல் கிளம்பியது. அப்பாடா, தப்பித்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது. லவோன் அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"அவங்க சரியாத்தான் எண்ணினாங்க" என்றாள். "நான்தான் தப்பா எழுதினேன். பங்கு போடாம விட்டேன். மறந்து இல்ல, கோபத்துல விட்டேன். டுவெய்ன் படிக்காம கையெழுத்துப் போட்டார், ஏன்னா இத்தனை வருஷம் நான் தப்புப் பண்ணினதில்ல. அவர் மேல பழி போடாதீங்க."

கைதட்டல் அப்படியே நின்றுபோனது. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அழுகையும் வந்தது.

மெர்ல் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு படிவத்துக்காக ஊரே ரெண்டுபட்டுச்சு, லவோன்."

"தெரியும்."

"உன்னை இந்த வேலையில வச்சிருக்கறதா வேண்டாமான்னு வாரியம் பேசணும்."

"பேசுங்க. நான் வீட்டுக்குப் போறேன். பள்ளிக்கூடத்தை விட்டுடுங்க."

அவர் பட்டியலை மடிக்கப் போனார். மடிக்கவில்லை. விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகத் தேடினார். பக்கத்தைத் திருப்பித் தேடினார். பிறகு கேட்டபோது குரல் இறங்கியிருந்தது.

"பிரின்லிக்கு மத்தியானம் ஊசி போடறது யாரு?"

பிரின்லி அவருடைய பேத்தி, இரண்டாம் வகுப்பு. சர்க்கரை நோய். அரசு செவிலியர் வியாழக்கிழமை மட்டும்தான் எங்கள் ஊருக்கு வருவார். மற்ற நான்கு நாளும் சாப்பாட்டுக்கு முன்னால் ரத்தம் பார்த்து, அளவு பார்த்து, இன்சுலின் போட வேண்டும்.

"நான்தான்" என்றாள் லவோன். "செவிலியர் சொல்லிக் கொடுத்தாங்க. ரெண்டு வருஷமாச்சு."

"அது இதுல எந்த வரியில இருக்கு?"

"அதுக்கு வரி கிடையாது, மெர்ல்."

மெர்ல் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்" என்றார். "லவோன் வேலையைப் பத்திச் சொன்னதையும்தான். டுவெய்ன், நான் சொன்னதை மன்னிச்சுடுங்க. லவோன், நீ உட்காரு. இவ்வளவு நேரம் எதுக்கு நிக்கறே?"

அதன்பின் மூன்று பேர் சேர்ந்து அவளை உட்கார வைத்தார்கள். நான் அவள் மடியில் ஒரு ரொட்டிச் சுருளை வைத்து, "உன்னை மாதிரி ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லடி" என்றேன். அவள் அதை முழுக்கத் தின்றாள்.

செய்தித்தாளில் திருத்தம் வந்தது, கால்நடைச் சந்தை விளம்பரத்துக்குக் கீழே மூன்று வரி. பள்ளிக்கூடம் இன்னும் திறந்திருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று யார் கண்டது? இந்த வருடம் பிள்ளைகள் ஐம்பத்தைந்துதான்.

இந்த அக்டோபர் படிவத்தை அவள் என் சமையலறை மேசையில் வைத்துத்தான் நிரப்பினாள். எட்டிப் பார்த்தேன். அலுவலகம் அரை, பேருந்து கால், நூலகம் கால். கூட்டினால் சரியாக ஒன்று. சாப்பாட்டுக் கூடத்தையும் புத்தக அறையையும் காணோம்.

"மீதிக் கால் ஆளை எங்கடி விட்டே?" என்றேன்.

"இயந்திரம் ஏத்துக்காதாம்" என்று சிரித்தாள்.

"எனக்கு எரியுது. உனக்கு எரியலையா?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால். படிவத்தை மூடி வைத்துவிட்டு, என் தொட்டியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். குளிர்ப்பெட்டியின் மேல் தட்டிலிருந்து பிரின்லியின் சின்ன மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.