சாரத்து முக்கில் நின்ற அத்தை

இந்த ஊரில் நிமிர்ந்து நிற்கிற அத்தனை கட்டடங்களும் அத்தையின் தலையிலிருந்து இறங்கியவைதான். ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், மாடி வைத்த ஜவுளிக்கடை எல்லாம் அவள் தலையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் தரைக்கு வந்தன. ஒரு தடவை அவள் தும்மியதில் தண்ணீர்த் தொட்டி லேசாகச் சாய்ந்தது. இன்றைக்கும் அப்படியேதான் நிற்கிறது. நிலாவை மட்டும் அவள் ஏற்றவில்லை. அன்றைக்கு அவளுக்கு லீவு.

அத்தை சித்தாள். சித்தாள் என்றால் சின்ன ஆள் என்று பொருளாம். அப்படிச் சொன்னவர் அத்தையைப் பார்த்ததில்லை. தன் வீட்டு வாசலிலேயே அவள் குனிந்துதான் நுழைவாள். வேலையிடத்தில் அவளுக்குப் பேர் கிரேன். தவிர, அந்தச் சொல்லுக்கு வாய்க்கு ஒரு பொருள் உண்டு. கொத்தனார் "சித்தாள்" என்று குரல் கொடுத்தால் கலவை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வீடு கட்டுகிறவர் கூப்பிட்டால், நிழலில் உட்கார்ந்தது போதும் என்று அர்த்தம். அத்தையின் அண்ணன் வாயில் மட்டும் அது வரவே வராது. வரவேண்டிய இடத்தில் இருமல் வரும்.

அந்த இருமலால்தான் வம்பு. அத்தையின் மகளுக்கு நல்ல இடம் ஒன்று வந்திருந்தது. பையனை அவளுக்கு நிறையவே பிடித்துப் போயிருந்தது. பையனின் அம்மா வந்து பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. பெண்ணின் அம்மா என்ன செய்கிறார் என்று அவர் போனில் கேட்டதற்கு, அண்ணன் இருமிவிட்டு, கட்டடங்களை மேற்பார்வை பார்க்கிறார் என்று சொல்லிவைத்தார். விஷயம் தெரிந்ததும் அத்தை அண்ணனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். பொய்ச் சாயம் வெளுத்தால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று மகள் நகத்தைக் கடித்தாள்.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாளிலேயே தளம் போடும்படி ஆயிற்று. மழை வரும் போலிருந்ததால் மேஸ்திரி ஒரு நாள் முன்னதாகவே கலவை மெஷினை இறக்கிவிட்டார். தளம் போடத் தொடங்கினால் தொடங்கியதுதான். சாரப் பலகைகளில் வரிசையாக நின்று, கலவைச் சட்டியைக் கைக்குக் கை மாற்றி மேலே அனுப்ப வேண்டும். நடுவில் நிறுத்தினால் காய்ந்ததும் ஈரமும் ஒட்டாது. பின்னால் அந்த இடத்தில்தான் ஒழுகும். சாரம் திரும்புகிற முக்கு அத்தையுடையது. அங்கே கை மட்டும் போதாது. வலப்பக்கம் வாங்கி, தலையில் சும்மாட்டின் மேல் ஒரு மூச்சு வைத்து, உடம்போடு திரும்பி, இடப்பக்கம் தர வேண்டும். வேறு யார் நின்றாலும் பாதிக் கலவை தரைக்குத்தான். அத்தை லீவு கேட்கவில்லை. சாயங்காலம் வந்து பேசுவதாக மகளிடம் சொல்லிவிட்டு, சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டு கிளம்பினாள்.

பையனும் அவன் அம்மாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அண்ணன் இருமினார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், மறுபடி இருமினார். பையனின் அம்மா, அப்படியானால் வேலை நடக்கிற இடத்துக்கே போய்ப் பார்த்துவிடலாமே என்று எழுந்துவிட்டார். மகளும் கூடவே கிளம்பினாள்.

அத்தை முழங்கை வரை சிமெண்ட்டோடு முக்கில் நின்றாள். கீழே நின்றபடி, "தங்கச்சி மேல நின்னு எல்லாத்தையும் மேற்பார்வை..." என்று அண்ணன் இழுத்தார்.

"நான் சித்தாளுங்க," என்றாள் அத்தை, தலைச் சட்டியை இறக்காமல். "தளம் முடியட்டும், வந்து பேசுறேன்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பையனின் அம்மா அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

"கழுத்து வலிக்காதாம்மா?"

"வலிக்கும். அதுக்காகக் கழுத்த வீட்டுல வச்சிட்டு வர முடியுங்களா?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, அத்தைக்குக் கீழே நின்றவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. வரிசை அறுந்தது. மெஷின் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கத்த வாயைத் திறப்பதற்குள், மாப்பிள்ளை பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு புலியாகப் பாய்ந்து சாரத்தில் ஏறினார். கடைசிச் சட்டி வரைக்கும் நின்றார்.

தளம் முடிந்து அத்தை இறங்கியதும், பையனின் அம்மா மணல்மேட்டிலிருந்து எழுந்து வந்து அவளுடைய சிமெண்ட் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் முடிந்த கையோடு தங்கள் வீட்டு மாடிக்கும் தளம் போட வேண்டும், அத்தைதான் வந்து மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று, அண்ணனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அண்ணனுக்கு நிஜமாகவே இருமல் வந்தது. அன்றிலிருந்து கேட்காதவர்களிடம்கூட, தன் தங்கச்சி சித்தாள் என்று சொல்லித் திரிகிறார்.

இந்தக் கதையை எழுதியவன் இதுவரை வாசித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு, அத்தை சும்மாட்டுத் துணியை மடித்தாள்.

"மாப்பிள்ளை எங்கடா ஏறுனாரு? அவரு கீழ நின்னு போன்ல படம் புடிச்சிட்டிருந்தாரு."

கதைக்கு அதுதான் எடுப்பாக இருக்கும் என்று எழுதியவன் சொல்லிப் பார்த்தான்.

"அந்தப் படம் எங்கிட்ட இருக்கு. எனக்குக் கீழ, மூஞ்செல்லாம் சிமெண்டா, பல்லைக் கடிச்சிட்டு நிக்கிறது யாரு? கையக் காட்டு."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அத்தை தானே இழுத்து விரித்துப் பார்த்தாள். கொப்புளங்கள் இன்னும் ஆறவில்லை.

"சித்தாள் கைதான்டா," என்றாள்.