ஐந்தாவது ஆளைக் கீழே விடும் முடிவு

தம்பிக்கு என்ன வேலை என்று மெத்தைப் பட்டறையில் யாராவது கேட்டால், அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

"கேம் ஆடுறதுக்குச் சம்பளமா? என் பையன் சும்மாவே ஆடுறான், அவனையும் சேத்துவிடேன்" என்பாள் பக்கத்து மெஷின்காரி.

"ஆடுறது இல்லடி, தப்புக் கண்டுபிடிக்கிறது. ஒரே சுவத்துல நாள் முழுக்க முட்டிக்கிட்டே இருக்கணும். உன் பையன் ஒரு தடவை முட்டினாலே கத்தி ஊரைக் கூட்டுவான்."

அக்கா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். தம்பி முழுதாகப் படித்தவன். சின்ன வயதிலேயே எதையும் நம்பமாட்டான். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பான், அணைத்த அடுப்பைக் குனிந்து பார்ப்பான். அந்தக் குணத்துக்கே ஒரு வேலை கிடைத்து, சோதனைப் பிரிவுக்குத் தலைவனாகவும் ஆகிவிட்டான் என்பதில் அவளுக்கு அடங்காத பெருமை.

ஆனால் கொஞ்ச நாளாக அவன் சரியாக இல்லை. குழம்பில் உப்புப் போட மறந்த அன்று ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு முடித்தான். சிரிப்பு இல்லை, சண்டையும் இல்லை.

அலுவலகத்தில் அப்போது ஒரு கேமை முடித்துக்கொண்டிருந்தார்கள். சுரங்கம் இடிந்துவிடுகிறது. கீழே ஐந்து பேர். மேலே கயிற்றை இழுக்கும் ஆள்தான் ஆடுகிறவர். கயிறு நாலு பேரைத் தாங்கும். கடைசியில் நிற்கும் ஐந்தாவது ஆளை விட்டுவிட்டு நாலு பேரை இழுத்தால் ஒரு முடிவு. ஐந்து பேரையும் ஏற்றினால் கயிறு அறுந்து, திரை இருண்டு, இன்னொரு முடிவு. முதலாவதற்கு 'நல்ல முடிவு' என்று பெயர் போடலாமா என்று அலுவலகமே இரண்டாகப் பிரிந்து கத்தியது. நாலு உயிர் பிழைத்தால் நல்லதுதானே என்றது ஒரு கட்சி. ஒருவனைக் கைவிட்டதற்குப் பரிசு கொடுப்பதா என்றது இன்னொன்று. தீர்த்துச் சொல்ல வேண்டியவன் தம்பி.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. நீ ஆடிப் பாத்துச் சொல்லுக்கா" என்று கேம் ஆடும் கருவியை அவள் கையில் கொடுத்தான்.

அக்கா எதையும் முறையாகச் செய்கிறவள். பட்டறை விட்டு வந்து, முகம் கழுவி, தினமும் கொஞ்சமாக முதலிலிருந்தே ஆடினாள். ஒரு சாயங்காலம் கயிறு வந்தது. அவள் எதையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். திரையில் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது.

"அழுத்துக்கா."

"இருடா. விளக்குக்காரனை எப்படி விடுறது?"

"யாரு விளக்குக்காரன்?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். "அந்த அஞ்சாவது ஆளுதான். எல்லாருக்கும் விளக்குத் துடைச்சுக் கொடுப்பானே. தன் விளக்குல மட்டும் கரி அப்பிக் கிடக்கும், மத்தவங்க கிண்டல் பண்ணுவாங்க. நீ பாத்ததில்ல?"

தம்பி பார்த்ததில்லை. முடிவைச் சோதிக்கிறவர்கள் முதலிலிருந்து ஆடுவதில்லை. நேராகக் கயிற்றுக்கே போய்விடக் குறுக்குவழி உண்டு. எத்தனையோ முறை அவன் அந்த ஆளைக் கீழே விட்டிருக்கிறான். இடிவதற்கு முன்னால் சுரங்கத்துக்குள் அவனோடு ஒரு முறைகூட நடந்து போனதில்லை.

"எங்க ஆபீஸ்ல ஆமைன்னு ஒருத்தன் இருக்கான். அவன் ஒருத்தன்தான் முதல்லேருந்து ஆடுவான். அதனாலதான் அவன் வேலை முடியவே முடியாது" என்றான்.

"நல்ல பிள்ளையா இருப்பான் போல."

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆளைக் குறைக்கணும், ஒருத்தன் பேரைச் சொல்லுன்னாரு மேலாளர். இன்னைக்கு மத்தியானம். ஆமைன்னு சொல்லிட்டேன்."

அக்கா கருவியை மடியில் வைத்தாள்.

"யோசிக்கவே இல்லக்கா. கையில டீ இருந்துச்சு. சொல்லிட்டு மிச்சத்தையும் குடிச்சேன்."

"சொல்லலைன்னா?"

"எங்க பிரிவையே மூடிருவாங்க. கணக்குச் சரிதான். ஆனா ஒருத்தனை விடுறப்ப உள்ள ஏதாவது ஆகணும் இல்ல? ஒண்ணுமே ஆகல."

"நீ அழுதா அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்புறம் என்ன?"

"அழுதுட்டு விட்டாலும் அழாம விட்டாலும் ஒண்ணுதான்னு சொல்றியா?"

ஒண்ணுதான் என்று சொன்னால் தம்பிக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் அக்காவுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"விட்டவனுக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல. விடப்பட்டவனுக்கு ஒண்ணுதான்" என்றாள் கடைசியில். "அவனுக்குத் தெரியுமா?"

"திங்கக்கிழமை மேலாளர் சொல்வாரு."

"அதுக்கு முன்னாடி நீ சொல்லு. அவன் முகத்தைப் பாத்துச் சொல்லு. போன்ல சொன்னேன், கீன்ல சொன்னேன்னு வந்து நிக்காதே."

மறுநாள் தம்பி வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"சொல்லிட்டேன். அவன் பேரைக் கொடுத்ததே நான்தான்னும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"என்னைவிட மெதுவா வேலை செய்றவன் யாருமில்லையே, நீங்க வேற யாரைச் சொல்லியிருப்பீங்கன்னு கேட்டான். கோபமா கேக்கல. நெசமாவே கேட்டான்."

"நீ?"

"நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்துல உக்காந்துட்டேன். கேமை முதல்லேருந்து போடச் சொன்னேன். போட்டான். ஆபீஸ் மூடுற வரைக்கும் ரெண்டு பேரும் ஆடினோம். பாதிச் சுரங்கம்தான் போக முடிஞ்சுது."

"முடிவுக்கு என்ன பேரு போடச் சொன்ன?"

"ஒரு பேரும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். மேலாளர் கேள்வி கேக்கல."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். கண் காய்ந்துதான் இருந்தது.

"இப்பவும் ஒண்ணும் தோணலக்கா."

"சரி" என்றாள். "சட்டையை மாத்திட்டு வா. நாளைக்கும் அவன் வருவான் இல்ல?"

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும் வருவான்."

"அப்ப மிச்சப் பாதியையும் ஆடி முடிங்க."

தம்பி தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.