டேப்பில் நான் அழித்த குரல்

ஏழு வயசுல என் மக ஜாஸ்மின் பேச்ச நிறுத்திட்டா. இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தனை வருஷம் சபையில சாட்சி சொல்ல எந்திரிக்காம இருந்தேன். இன்னைக்குச் சொல்லிர்றேன்.

தொண்ணூறுகளோட கடைசி. மதுரை சிம்மக்கல் பக்கத்துல ஒத்த ரூம் வீடு. பாப்பாவுக்குப் பேச்சு திக்கும். வகுப்புல ஒருநாள் டீச்சர் அவ மாதிரியே திக்கிக் காட்ட, பிள்ளைக எல்லாம் சிரிச்சிருக்குக. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவ, அப்புறம் எதுக்கும் தலைய ஆட்டுறதோட சரி. பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தி, நானே பாடம் சொல்லிக் கொடுத்தேன். அவ அப்பாவுக்கு மளிகைக் கடையில வேலை. அவரு முடிவாச் சொல்லிட்டாரு.

"ஜூன் வரைக்கும் பாப்பேன். வாயத் தொறக்கலைன்னா பேச வராத பிள்ளைக படிக்கிற ஹாஸ்டல்ல விட்டுருவேன். அம்புட்டுதான்."

அன்னைக்கே சர்ச்சுக்கு ஓடுனேன்.

எங்க போதகரம்மா ஒரு வழி சொன்னாங்க. பாடத்த ஒரு தடவ வாசிச்சுக் காட்டணும். பிள்ளை அதத் தன் வார்த்தையில டேப் ரெக்கார்டர்ல சொல்லணும். ஆளப் பாத்துப் பயப்படுற பிள்ளை மிசின்கிட்ட பேசும்னாங்க. பேசவும் செஞ்சா, நாலஞ்சு வார்த்தை. எனக்கு ஆச பொறுக்கல. அவ அப்பாவுக்குப் போட்டுக் காட்டுற டேப்புல ஒரு திக்கல்கூட இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். திக்குனா நிறுத்துவேன். பின்னாடி ஓட்டி, அதுமேலேயே மறுபடி பதியச் சொல்லுவேன். பத்தே நாள்ல பழையபடி வாய மூடிக்கிட்டா.

வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து அழுதேன். "ஆண்டவரே, அவ வாயத் தொறங்க." வேற ஜெபமே எனக்கு வரல.

மே மாசம் ஒரு காலையில சோழவந்தான் வெத்தலைக் கொடிக்கால் பத்தி வாசிச்சுட்டு, டேப்ப அமுக்கி வச்சேன். பிள்ளை பேசாம உக்காந்திருந்தா. அந்நேரம் பாத்து, "தண்ணி வந்துருச்சுக்கா, ஓடியாங்க!"ன்னு தெருவுல சத்தம். டேப்ப நிறுத்தாமலே குடத்தத் தூக்கிட்டு ஓடிட்டேன். திரும்பி வந்தப்ப டேப் ஓடி முடிஞ்சு, பட்டன் மேல வந்திருந்துச்சு. எப்பவும் போல அழிக்கலாம்னு பின்னாடி ஓட்டிப் போட்டுப் பாத்தேன்.

என் மக குரல்! அகத்தி மரத்துல கொடி எப்படி ஏறும், எப்ப தண்ணி கட்டுவாக, எப்படி நூறு நூறு வெத்தலையாக் கவுளி கட்டி அடுக்குவாக, எல்லாம் சொல்லியிருந்தா. நான் வாசிக்காததக்கூடச் சேத்திருந்தா. வரிக்கு வரி திக்குது. ஆனா நிக்கல. நடுவுல ஒரு எடத்துல மெதுவாச் சொல்றா: "அம்மா வந்துட்டா அழிச்சிரும். அதான் வேகமாச் சொல்றேன்."

ஈரச் சேலையோட அப்படியே முழங்கால்ல விழுந்துட்டேன். பிள்ளை வாய யாரு அடைச்சு வச்சிருந்தான்னு ஆண்டவர் எனக்கு என் வீட்டு டேப்புலயே போட்டுக் காட்டிட்டாரு. பாவி, பாவின்னு மார்ல அடிச்சுக்கிட்டேன். பாப்பாவக் கட்டிப்பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன்.

அன்னைக்கு அந்த டேப்ப அவ அப்பா ரெண்டு தடவ கேட்டாரு. கண்ணத் தொடச்சுக்கிட்டு, "நல்லாத்தானே சொல்லுது எம்பிள்ளை"ன்னாரு. ஹாஸ்டல் பேச்சு அதோட போச்சு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தையையும் நான் அழிக்கல.

ஜாஸ்மினுக்கு இன்னமும் திக்கும். அதோடதான் ஞாயிறு பள்ளியில பிள்ளைகளுக்குக் கதை சொல்றா. உங்க பிள்ளைகளுக்காக ஆண்டவர்கிட்ட கேளுங்கம்மா, நிச்சயமாக் கொடுப்பாரு. கேட்டு முடிச்சதும் கொஞ்சம் பேசாம இருங்க. அவ வாயத் தொறக்கச் சொல்லி நான் கேட்டேன். அவரு மொதல்ல என் வாய மூடுனாரு.