கில்டார்ரா பெட்டியில் ஒரு ஓட்டு

என் தங்கை ப்ரீடாவின் கணவன் மலாக்கி டூஹி மாவட்ட கவுன்சில் தேர்தலில் ஆறு முறை நின்றவன். ஆறு முறையும் தோற்றவன். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

மாட்டுத் தீவனம் விற்பது அவன் தொழில். ஆனால் தீவனக் கடையில் அவனைப் பார்ப்பதைவிடச் சாவு வீட்டில் பார்ப்பது சுலபம். எங்கள் பக்கத்தில் ஓட்டு வேண்டும் என்கிறவன் சாவுக்குப் போக வேண்டும். எல்லா வேட்பாளர்களும் போவார்கள். மற்றவர்களுக்கு இறந்தவரின் பெயராவது தெரிந்திருக்கும். மலாக்கிக்கு அதுவும் தேவையில்லை. காலையில் ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிக்கும்போது ஒரு விரலைத் தூக்குவான். கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கும் ப்ரீடா கரண்டி சத்தம்கூட வராமல் நிற்க வேண்டும். "பெரிய குடும்பம்" என்பான். முகத்தில் வெளிச்சம் வந்துவிடும். கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

சாவு வீட்டில் இறந்தவரின் குடும்பத்தார் வரிசையாக நிற்பார்கள்; அவன் ஒவ்வொரு கையாகக் குலுக்கிக்கொண்டே வருவான். "உங்க துக்கத்துக்கு வருந்துறேன், உங்க துக்கத்துக்கு வருந்துறேன்." கை ஒருவரிடம் இருக்கும், கண் அடுத்தவரிடம் போய்விடும். ஒருமுறை வரிசையின் கடைசியில் இருந்த விதவையின் கையைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?" என்று கேட்டுவிட்டான்.

"பெட்டிக்குள்ள இருக்கார், மலாக்கி. நீயே போய்க் கேளு" என்றாள் அந்த அம்மாள்.

ஊர் சிரித்தது. ப்ரீடா ஒரு மாதம் கடைக்குப் போகவில்லை.

எங்கள் அம்மா இறந்தபோது மருமகனாக எங்களோடு வரிசையில் நிற்க வேண்டியவன் அவன். பாதியில் காணோம். பார்த்தால் தேவாலயத்தின் வெளிக் கதவருகே நிற்கிறான். எங்களிடம் துக்கம் சொல்லிவிட்டு வெளியே போகிறவர்களிடம் இன்னொரு முறை கை குலுக்கி, "ஜூன்ல ஓட்டு, மறந்துடாதீங்க" என்கிறான். நான் அன்றைக்கு எதுவும் பேசவில்லை. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. ஆனால் அன்றிலிருந்து அவன் நீட்டிய கையை நான் தொட்டதில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றை அவன் இரண்டாவது தோல்விக்குப் பிறகு செய்தான். பக்கத்துப் பண்ணை ஜார்லத் கில்லேனுடையது. ஜார்லத் பெரிய கட்சி ஒன்றின் ஆள். அவருடைய மகள் அப்பாவின் நிலத்திலேயே வீடு கட்ட அனுமதி கேட்டாள். மலாக்கி ஆட்சேபணை கொடுத்தான். சாலைக்கு வளைவு அதிகம், சாக்கடைக்கு வசதி இல்லை, அது இது என்று காரணங்கள். உண்மைக் காரணம் கில்லேன் வீட்டார் தனக்கு ஓட்டுப் போடவில்லை என்று எவனோ சொன்னது. அனுமதி கிடைக்கவில்லை. அந்தப் பெண் கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டாள்.

ஆட்சேபணை கொடுத்தவர் பெயரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லோரும் பார்த்தார்கள். தண்டனை ப்ரீடாவுக்கு வந்தது. அவள் தேவாலயப் பாட்டுக் குழுவில் பதினாறு வயதிலிருந்து பாடியவள். அடுத்த ஞாயிறு அவள் போய் உட்கார்ந்ததும் பெஞ்சிலிருந்த பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து பின் பெஞ்சுக்குப் போனார்கள். அதற்கப்புறம் அவள் பாடவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூடப் பாடவில்லை.

நான்காவது முறை தோற்ற பிறகு கம்பங்களில் அவன் படத்தைக் கழற்ற ஆள் இல்லை. ஒரு வாரத்துக்குள் இறக்காவிட்டால் அபராதம். அவனுக்கு முதுகு வலி. ப்ரீடா ஏணியில் ஏறினாள், நான் கீழே ஏணியைப் பிடித்தேன். மழை. ஒரு டிராக்டர் மெதுவாகப் போனது. ஓட்டிக்கொண்டிருந்தவன் தலையை நீட்டினான்.

"என்ன ப்ரீடா, புருஷனை இறக்கியாச்சா?"

"இறக்கிக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

அன்று மாலை சமையலறையில், நான் இருக்கும்போதே, அவள் அவனிடம் கேட்டாள். "இன்னும் ஒரு தடவை நிக்கறதுன்னா நில்லு. ஆனா அதோட சரி. தோத்தா விட்டுடணும். ஊர்ல நாலு பேர் முகத்தை நிமிர்ந்து பார்க்கணும் எனக்கு. சத்தியம் பண்ணு."

"சத்தியம்" என்று கையை நீட்டினான். சாவு வீட்டில் நீட்டுகிற அதே கை.

ஐந்து வருடம் கழித்து ஐந்தாவது முறை நின்றான். வீடு வீடாகப் போனான். எங்கள் ஓட்டுச்சீட்டில் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, அதற்கடுத்தவருக்கு மூன்று என்று எண் போட வேண்டும். ஒன்று வாங்காதவனை முதல் சுற்றிலேயே தூக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் அவனுக்கு விழுந்த இரண்டும் மூன்றும் யாருக்கும் உதவாது. வாசலில் வந்து நிற்கிறவனை முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வராது. "உனக்கு நல்ல நம்பர் போடறோம், மலாக்கி" என்பார்கள். எந்த நம்பர் என்று அவன் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து, "மேட்டுத் தெரு முழுக்க நம்ம பக்கம்" என்பான். ப்ரீடா அவனுக்கு முட்டை பொரித்து வைப்பாள்.

ஓட்டுப் பெட்டிகளை மறுநாள் விளையாட்டு அரங்கத்தில் திறந்தார்கள். நான்தான் ப்ரீடாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மலாக்கி முன்னாலேயே போயிருந்தான். ஒவ்வொரு ஊர்ப் பெட்டியையும் தனியாகக் கவிழ்த்து, சீட்டுகளைப் பிரித்துக் காட்டுவார்கள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் கட்சி ஆட்கள் சாய்ந்து நின்று, யாருக்கு எத்தனை ஒன்று விழுந்தது என்று குறித்துக்கொள்வார்கள். எந்த ஊர் என்ன செய்தது என்று மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மலாக்கியின் சொந்த ஊரான கில்டார்ராவின் பெட்டியைக் குறித்துக்கொள்ள ஜார்லத் கில்லேன் நின்றிருந்தார். நானும் ப்ரீடாவும் சுவரோரமாக நின்றோம்.

"கில்டார்ரா முடிஞ்சுது" என்றார் ஜார்லத். சத்தமாகத்தான் சொன்னார். "மலாக்கி டூஹி, ஒண்ணு."

"ஒண்ணுன்னா? நூத்தி ஒண்ணா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணுன்னா ஒண்ணு."

"அவன் வீட்டு நாய்க்கு ஓட்டிருந்தா ரெண்டு ஆகியிருக்கும்."

"நாய் யோசிச்சுத்தான் போடும்."

கம்பி நெடுக சிரிப்பு ஓடியது. பிறகு ஒருவன் கணக்குப் போட்டான். "இருங்கப்பா, வீட்ல ரெண்டு பேர் இருக்காங்களே?" எல்லாத் தலையும் சுவர்ப் பக்கம் திரும்பியது. ப்ரீடா தன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கம்பியருகே நின்றிருந்த மலாக்கி அவளைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். அவன் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுப்பதை நான் அவன் முகத்தில் பார்த்தேன்.

"அந்த ஒண்ணு என்னோடது" என்றான். "நான் என்ன பண்றது? ஊரைத் திருப்பலாம். வீட்டுக்காரியைத் திருப்ப முடியல. சோத்தைப் போட்டுட்டு ஓட்டைப் போடல."

சிலர் சிரித்தார்கள். இந்த முறை அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். இருபது வருடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் ஆதரவு அதுதான் என்று நினைக்கிறேன். அதை மனைவியை விற்று வாங்கினான்.

ப்ரீடா சுவரை விட்டு நகர்ந்து கம்பியருகே போனாள். எனக்கு அவளைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது. அவள் குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் பாடிய குரல் அது, அரங்கத்தின் கடைசி வரை கேட்டது.

"மலாக்கி, நான் நேத்து காலையிலேயே போட்டுட்டேன். உன் பேருக்கு நேரா ஒண்ணு. வேற யாருக்கும் எந்த நம்பரும் போடல. அந்த ஒண்ணு என்னோடது. அப்போ உன்னோடது எங்கே?"

எல்லாத் தலையும் இப்போது மலாக்கி பக்கம் திரும்பியது.

"எண்ணினதுல தப்பு" என்றான் மலாக்கி.

"வேணும்னா மறுபடி எண்ணச் சொல்லட்டுமா?" என்றார் ஜார்லத். "ஒண்ணைத் திரும்ப எண்ணறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது."

கார்மோர் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு குண்டு மனிதர் தொண்டையைச் செருமினார். "நேத்து சாயங்காலம் இவர் எங்க ஊர்லதானே இருந்தார்? பேட் மொய்லன் செத்ததுக்கு வந்திருந்தார். எல்லார் கையையும் ரெண்டு தடவை குலுக்கினார். அப்புறம் உட்கார்ந்து டீயும் ஹாம் சாண்ட்விச்சும் சாப்பிட்டார். கிளம்பும்போது பத்து மணிக்கு மேலே. அதுக்குள்ள ஓட்டுச்சாவடி எல்லாம் பூட்டியாச்சு."

"கார்மோரா?" ஜார்லத் தொப்பியைப் பின்னால் தள்ளினார். "கார்மோர் இப்போ நம்ம தொகுதியே இல்லையே. எல்லையை மாத்தி ஒரு வருஷமாச்சு. அட மடையா, அங்கே உயிரோட இருக்கறவன் போட்டாலும் உனக்கு விழாதே!"

அப்போது எழுந்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. எண்ணிக்கொண்டிருந்த மேசைக்காரர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். மலாக்கி கோட்டுப் பொத்தானை அவிழ்த்தான், மாட்டினான், மறுபடி அவிழ்த்தான்.  மனைவியிடம், பண்ணினது தப்பு என்றுகூடச் சொல்லவில்லை.

ஜார்லத் எங்கோ போய் ஒரு காகிதக் கோப்பையில் டீ கொண்டு வந்தார். ப்ரீடாவிடம் நீட்டினார். மகள் இங்கிலாந்து போன பிறகு ப்ரீடாவிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது: "சர்க்கரை போட்டிருக்கேன். நீ சர்க்கரை போட்டுத்தானே குடிப்பே?"

அவள் தலையாட்டினாள். கோப்பையை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள்.

முதல் சுற்றிலேயே மலாக்கியை எடுத்துவிட்டார்கள். மொத்தத் தொகுதியிலும் சேர்த்து அவன் வாங்கியதை வைத்து ஒரு கால்பந்து அணி அமைக்கலாம், மாற்று ஆட்டக்காரர் கிடைக்க மாட்டார். கார் நிறுத்துமிடத்துக்கு அவன் எங்கள் பின்னாலேயே வந்தான். அழுதிருப்பான் என்று நினைத்தேன். இல்லை. பேசிக்கொண்டே வந்தான்.

"எல்லையை மாத்தினதுதான் காரணம். இனிமே மேற்குப் பக்கம் கவனம் வெக்கணும். அடுத்த தடவை…"

ப்ரீடா நின்றாள். அவன் காரின் பின் கதவைத் திறந்து தன் மழைக்கோட்டை எடுத்தாள். என் காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"யூனா, வண்டியை எடு" என்றாள் என்னிடம்.

"எங்கே?"

"உன் வீட்டுக்கு."

கண்ணாடியில் பார்த்தேன். அவன் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஜெயித்தவரின் அண்ணனிடம் கை குலுக்கிக்கொண்டிருந்தான்.

ப்ரீடா அப்படியே என்னோடு தங்கிவிட்டாள். ஞாயிறுகளில் ஜார்லத்தின் மனைவி வந்து அவளைக் கில்டார்ராவுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போகிறாள். இரண்டாவது பெஞ்சில், நடுவில் உட்கார்ந்து பாடுகிறாள்.

அவன் ஆறாவது முறையும் நின்றான். எங்கள் தெருவுக்கும் வந்தான். ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அதே கோட்டு, பாதி நீட்டிய கை. இந்த வீடு யாருடையது என்பதை மறந்திருந்தானா, அல்லது ஓட்டு ஓட்டுதான் என்று நினைத்தானா, தெரியாது. கதவைத் திறந்தவள் ப்ரீடா.

அவளையும் வாசல் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு துண்டுப் பிரசுரத்தை நீட்டினான். "ஜூன்ல மறந்துடாதே" என்றான்.

ப்ரீடா அதை வாங்கிப் புகைப்படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உனக்கு நல்ல நம்பர் போடறோம், மலாக்கி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அவன் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனான்.