நாலாம் நம்பர் திரை

இது நடந்தது. என் கண்ணால் பார்த்தது. காதில் பூச்சுற்றுகிறாள் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை... அதெல்லாம் இதில் கிடையாது. பட்டப்பகல். மத்தியானம் மூன்று மணி. ஏசி ஓடும் அறை. மேஜைமேல் ஆறிப்போன டீ.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் பயந்ததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

என் வேலை திரை பொருத்துவது. ஆஸ்பத்திரி, ஸ்டுடியோ, தொழிற்சாலை என்று போய், எந்த வேலைக்கு எந்தத் திரை சரி என்று சோதித்து எழுதிக் கொடுப்பேன். எல்லோரும் அளவு கேட்பார்கள், விலை கேட்பார்கள். ஒரு நொடிக்கு அந்தத் திரை எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கும் என்று ஒரு ஆள்கூடக் கேட்டதில்லை. அதைத்தான் ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். முப்பது ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு முப்பது படம். குறையக் குறையப் படம் தத்தித் தத்தி ஓடும். வீட்டில் உட்கார்ந்து சினிமா பார்ப்பவருக்கு அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. திரையைப் பார்த்துக் கிரேன் ஓட்டுகிறவருக்கு அப்படியில்லை.

என் அண்ணன் அந்த வேலையில்தான் இருந்தான். பெரிய சரக்கு யார்டு. கிரேன் மேல் ஆள் கிடையாது. ஆபரேட்டர் இருநூறு மீட்டர் தள்ளி, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, கேமரா அனுப்பும் படத்தை முப்பது ஹெர்ட்ஸ் திரையில் பார்த்தபடியே கண்டெய்னர் பெட்டியை இறக்க வேண்டும். கீழே நின்று கைஜாடை காட்ட ஒருவர் இருந்தார். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும் என்பதால் அவரை எல்லோரும் ‘விசில்’ என்றே கூப்பிட்டார்கள்.

“படம் தத்துது சார். பெட்டி இருக்கற இடமும் திரையில தெரியற இடமும் ஒண்ணா இல்ல” என்று அண்ணன் மூன்று முறை எழுதிக் கொடுத்தான். மூன்று முறையும் மேனேஜர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

“முப்பதுக்கு மேல மனுஷக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாதுப்பா.”

ஒருநாள் மத்தியானம் மூன்று பதினேழுக்கு விசில் மேல் பெட்டி இறங்கியது.

பழி அண்ணன் தலையில் விழுந்தது. ஆபரேட்டர் தூங்கிவிட்டான் என்று மேனேஜர் கூசாமல் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அண்ணன் அந்த நாளைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். திங்கட்கிழமை விசாரணை. கவனக்குறைவு என்று முடிவானால் வேலை போவது மட்டுமில்லை, ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை எங்கள் கம்பெனிக்கு யார்டிலிருந்து போன் வந்தது. திரையைச் சோதித்துச் சான்று தர ஆள் வேண்டுமாம். நானே கிளம்பினேன். நான் யாருடைய தங்கை என்று மேனேஜருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

“முப்பதே போதும்னு ஒரு பேப்பர் குடும்மா. அஞ்சு நிமிஷ வேலை” என்றார். வெள்ளைச் சட்டை, காதில் போன். ஒரு மனிதன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“சோதிக்காம எழுத மாட்டேன் சார்.”

“சோதிச்சுக்கோ. கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே?” என்று சிரித்துவிட்டு வெளியே போனார்.

மணி இரண்டு ஐம்பது. அறையில் நானும் சித்தப்பாவும் மட்டும். சித்தப்பா என்றால் என் சித்தப்பா இல்லை. அண்ணனுக்குப் பதிலாக வந்த ஆபரேட்டர். யார்டில் எல்லோருக்குமே அவர் சித்தப்பாதான். அவர் முன்னால் மூன்று பழைய திரைகள், ஒன்று முதல் மூன்று வரை நம்பர் ஒட்டியிருந்தது. வேலையை நிறுத்தாமல் கிரேனை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் கொண்டுபோன புதுத் திரையைப் பக்கத்து மேஜையில் வைத்தேன். சுவரில் வரிசையாகக் கேமரா சாக்கெட்டுகள். நாலாவது காலியாக இருந்தது. அதில் செருகினேன். படம் வந்தது. தாழ்வான கோணம். கண்டெய்னர் இறங்குகிற மஞ்சள் கோடு போட்ட தரை, பக்கத்தில் ஒரு தூண்.

மணி மூன்று ஆறு. முதலில் முப்பதில் வைத்தேன். மேலே தொங்கிய கொக்கி தத்தியது. ஓர் இடத்தில் இருந்தது, அடுத்து ஒரு முழம் தள்ளி இருந்தது. அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. பல்லைக் கடித்துக்கொண்டு குறித்துக்கொண்டேன். தரையில் யாரும் இல்லை.

மூன்று பத்து. அறுபது. கொக்கி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. தூண் ஓரத்தில் மட்டும் ஏதோ அழுக்கு. துணி எடுத்துத் துடைத்தேன். போகவில்லை. திரும்பவும் துடைத்தேன்.

அழுக்கு ஓர் அடி நகர்ந்திருந்தது.

பூச்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முப்பதுக்கு இறக்கினேன். தரை சுத்தமாக இருந்தது. மறுபடி அறுபது... இருந்தது.

மூன்று பதிமூன்று. நூற்றிருபது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கேமராக்கள் நொடிக்கு அறுபது படம்தான் தரும். அதற்குமேல் திரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் புதிதாக எதுவும் தெரியக்கூடாது. சோதனைக்காக எல்லாப் படியும் போட்டுப் பார்ப்பது வழக்கம், அவ்வளவுதான்.

தெரிந்தது.

ஓர் ஆள். ஆரஞ்சு மேல்சட்டை. முதுகைக் காட்டி நின்றார்.

“சித்தப்பா, கீழே ஆள் யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்லம்மா. புது ஆள் இன்னும் போடல.” அவர் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று பதினாறு. நூற்று நாற்பத்து நாலு. கடைசிப் படி. பட்டனை அழுத்தினேன்...

அவர் திரும்பியிருந்தார்.

ஹெல்மெட்டின் முன்பக்கம் சப்பையாக இருந்தது. அதற்குக் கீழே எதுவும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் என்னைத்தான் பார்த்தார்.

கழுத்தில் விசில்.

பீ... பீ...

ஜன்னல் இல்லாத அறை. கதவு சாத்தியிருந்தது. சத்தம் என் காதருகே கேட்டது.

அவருடைய வலது கை மெல்லக் கீழே நீண்டது. ஒற்றை விரல் தரையைக் காட்டியது. சின்னதாக வட்டம் போட்டது. திரும்பத் திரும்ப...

விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன்.

வெள்ளைச் சட்டை. காதில் போன்.

மேலே பெட்டியின் நிழல்.

“நிறுத்துங்க! சித்தப்பா, நிறுத்துங்க!”

அவர் சிவப்பு பட்டனைக் குத்தினார்.

மூன்று பதினேழு.

பெட்டி மேனேஜர் தலைக்கு மேல் இரண்டடியில் நின்றது. அது அவருக்கே தெரியவில்லை. “எவன்டா நடுவுல நிறுத்தினது?” என்று போனில் அறைக்குக் கூப்பிட்டுக் கத்தினார். பிறகுதான் மேலே பார்த்திருக்க வேண்டும். போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

ஐந்து நிமிடம் கழித்து உள்ளே வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தால் நான்தான் முட்டாள். “அது எந்தக் கேமராவும் பார்க்காத பக்கமாச்சே, உனக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று என்னை விசாரித்தார்.

“இதோ, நாலாம் நம்பர்ல...” என்று திரும்பினேன். திரை கறுப்பாக இருந்தது. ‘சிக்னல் இல்லை’ என்று எழுதியிருந்தது.

சித்தப்பா என்னை ஒருமாதிரி பார்த்தார். “நாலாம் நம்பர் கேமராவா? அது அன்னைக்கே விசிலோட சேர்ந்து நசுங்கிப் போச்சும்மா. இவரு புதுசு வாங்கித் தரல.”

மேனேஜர் முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கோ உடம்பெல்லாம் கோபம். விசில் மீது கோபம். யாருடைய கஞ்சத்தனத்தால் செத்தாரோ, அந்த ஆளைப் போய்க் காப்பாற்றியிருக்கிறாரே! செத்த பிறகும் இவ்வளவு நல்லவராக இருந்து என்ன பயன் என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். திரையைக் கழற்றி எடுத்து வரக்கூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை விசாரணையில் என் சோதனைத் தாளையும் அண்ணனின் மூன்று கடிதங்களையும் வைத்தார்கள். மேனேஜர் வாதாடவில்லை. “திரை சரியில்ல. அந்தப் பையன்மேல தப்பில்ல” என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அண்ணன் தப்பித்தான்.

அன்று சாயங்காலம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்ப மாட்டான் என்று நினைத்தேன். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“கையை எப்படிக் காட்டினாரு?”

செய்து காட்டினேன். கை கீழே, விரல் தரையைப் பார்த்து, சின்ன வட்டம்.

“விசில்?”

“ரெண்டு தடவை.”

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். “நிறுத்துன்னா கையை விரிச்சுப் பக்கவாட்டுல ஆட்டுவாரு. ஒரே ஒரு விசில்தான். இது அது இல்லடி...”

“வேற என்ன?”

“‘இறக்கு’.”

கிரேன் ஜாடை எனக்குத் தெரியாது. நிறுத்தச் சொல்கிறார் என்று நானாக நினைத்துக் கத்திவிட்டேன். அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. விசிலைத் திட்டியதற்காக மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் மேனேஜர் போன் செய்தார். குரலே மாறியிருந்தது.

“அந்த நாலாம் நம்பர் திரையை நீயே வந்து கழட்டிட்டுப் போயிடும்மா.”

“ஏன் சார்? வேகத்தைக் குறைச்சு முப்பதுல வச்சுக்கோங்க. உங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதே.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“முப்பதுலயும் தெரியறாரும்மா...”

நான் இன்னும் போகவில்லை.