குழுவினரின் ரசிகை

அந்தப் பாட்டில் மேண்டலின் வாசித்தது யார் என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலிருந்து சண்டை. அந்தக் காலத்துப் பாப் பாடகர் ஒருவரின் ரசிகர்கள் நாங்கள். அவர் பாட்டு எந்த வானொலியில் என்றைக்கு வந்தது என்பதுவரை சொல்லும் ஆட்களுக்கு இது மட்டும் தெரியவில்லை.

எனக்குச் சின்ன வயதில் இருந்த மீமிசல் வீடு ஞாபகம் வந்தது. மதியத்தில் கருவாட்டு வாசத்தோடு கடலுக்கு அந்தப் பக்கத்து வானொலியும் வரும். இரைச்சல் குறையட்டும் என்று வாப்பா ரேடியோவைக் கடல் பார்க்கத் திருப்பி வைப்பார். பாடியவர் பெயரைச் சொல்லிவிட்டு அறிவிப்பாளர் "மற்றும் குழுவினர்" என்று முடிப்பார்.

"குழுவினர்ங்கிறது யாரு லாத்தா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"பெரிய ஆளுடி. எல்லாப் பாட்டுலயும் வாராருல்ல!"

நம்பிவிட்டேன். "குழுவினர் அவர்களின் பாட்டு ஒன்று போடுங்கள்" என்று வானொலிக்குக் கடிதம் எழுதினேன். வாப்பா படித்துப் பார்த்தார். சிரிக்காமல் கொண்டுபோய்த் தபாலில் போட்டார்.

பல வாரம் கழித்து என் பெயர் வானொலியில் வந்தது. அறிவிப்பாளரும் சிரிக்கவில்லை. "குழுவினருக்கு வந்திருக்கும் முதல் கடிதம் இது" என்று சொல்லி, இதே மேண்டலின் பாட்டைப் போட்டார். லாத்தா என்னைக் கட்டிக்கொண்டாள்.

இன்று சண்டைக்கு நடுவில், இதுவரை எதுவும் எழுதாத ஒரு பெண் எழுதினார்: "அது எங்க அப்பாங்க."

"அவங்க பேரு என்னங்க?" என்று அவசரமாகக் கேட்டேன்.

அனுப்பினார். அந்த அறிவிப்பாளரைப் போலவே நிறுத்தி நிதானமாக, அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்தேன்.